எல்லா ஆட்டுக்கும் எதற்கு மருந்து?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் தலைதூக்கி, ஆடுகள் வயிறு நிறைய மேயும் மார்கழியில்தான் பல பட்டிகளில் சாவு விழுகிறது. பார்த்த மாத்திரத்தில் நோய் என்று சொல்ல எதுவும் இருக்காது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பெரும்பாலும் கழிச்சல்கூட இல்லை. மாலையில் மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது மட்டும் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். விடிந்து பார்த்தால் வற்றியிருக்கும். பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்வதால் இறங்கிய நீர், இரவில் தலை நிமிர்ந்து படுத்திருக்கையில் வடிந்துவிடுகிறது. ஏதோ கடித்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். சில நாளில் அந்த ஆடு மந்தைக்குப் பின்னால் தள்ளாடி வரும். பிறகு ஒரு காலையில் எழுந்திருக்காது.

அதன் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். சிவந்திருக்க வேண்டிய உள்சதை வெளுத்துக் கிடக்கும். ரத்தம் எங்கே போனது என்று அறிய, செத்த ஆட்டின் நான்காவது வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியதுபோல, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் புழுக்கள் வயிற்றின் உள்சுவரில் நெளிந்துகொண்டிருக்கும். சிவப்பாகத் தெரிவது குடித்த ரத்தம் நிறைந்த குடல். வெள்ளையாகத் தெரிவது அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் கருப்பை. ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்பது அறிவியல் பெயர். ஆட்டுக்காரருக்கு அதுவும் பூச்சிதான், நாடாப்புழுவும் பூச்சிதான், ஈரலைத் தின்னும் தட்டைப்புழுவும் பூச்சிதான்.

ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது 0.05 மில்லி ரத்தம். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முட்டைக் கணக்கு இதைவிடப் பயங்கரம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டையாவது இடும். அப்படி 500 பெண் புழுக்களைச் சுமக்கும் ஒற்றை ஆடு, ஒரே நாளில் 25 லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில் சிந்திவிட்டு வருகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவை பொரிந்து, ஆட்டின் வயிற்றில் பிழைக்கும் பக்குவத்துக்கு வந்து, பனி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் நான்கு விரற்கடை உயரம் ஏறி நிற்கும். ஆடு விழுங்கிய மூன்று வாரத்தில் அந்தப் புதுப் புழுவும் முட்டையிடத் தொடங்கும். ஐப்பசியில் பெய்த மழைக்கு மார்கழியில் ஆடு சாவது இதனால்தான்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கும் அதிகம், செம்மறியாடுகள் சுமார் 45 லட்சம். இத்தனை உயிருக்கும் குடற்புழுவுக்கு எதிராக நாம் வைத்திருக்கும் ஏற்பாடு, பெரும்பாலும் ஒன்றே ஒன்று: கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி ஊற்றிவிடுவது. கால்நடைத் துறையின் முகாம் நடக்கும் நாளில் ஊர் ஆடுகளெல்லாம் வரும். நல்ல ஆடு, நோஞ்சான், சினை ஆடு, கிடா, குட்டி என்ற பேதமில்லாமல் ஆளுக்கொரு வாய் மருந்து. மாலையில் எத்தனை ஆடுகளுக்கு ஊற்றப்பட்டது என்ற எண்ணிக்கை மேலே போகும். புழு செத்ததா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. முகாமுக்கு வராதவர்களும் இதையேதான் செய்கிறார்கள். மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மந்தை மொத்தத்துக்கும் ஊற்றுகிறார்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காரணம், இது மருந்தையே கொன்றுகொண்டிருக்கிறது.

வரலாற்றைப் பார்த்தால் இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இன்றைய பூச்சி மருந்தான அல்பென்டசோலின் மூத்த உறவான தையபென்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் 1964-லேயே பதிவாகிவிட்டது. ஜப்பானியக் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். 1981-இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஓமுராவுக்கும் சக ஆய்வாளர் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. பரிசு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1980-களிலேயே, தென்னாப்பிரிக்க ஆடுகளின் புழுக்கள் அதற்குப் பழகிவிட்டன. 2009-இல் நியூசிலாந்தில் மோனிபென்டெல் என்ற புதுவகை மருந்து வந்தபோது உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதே நாட்டில் 2013-இல் அதுவும் தோற்றது, முதலில் ஒரு வெள்ளாட்டுப் பண்ணையில். தமிழ்நாட்டிலும் நிறுவனப் பண்ணைகளின் ஆடுகளில் அல்பென்டசோல் உள்ளிட்ட பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்களைக் கால்நடை ஆய்வாளர்கள் பதிவு செய்து ஆண்டுகள் பல ஆகின்றன. முறை தவறாமல், காலண்டரைப் பார்த்து, எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுக்கும் பண்ணைகள்தான் அவை. ஒழுங்காகச் செய்த இடத்தில்தான் அதிகம் கெட்டது என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஏன் அப்படி? மந்தை முழுவதும் மருந்து ஊற்றினால், மருந்துக்குச் சாகிற புழுவெல்லாம் செத்துவிடும். மருந்தைத் தாங்கும் கூறு பெற்ற சில புழுக்கள் மட்டும் மிஞ்சும். அடுத்த மூன்று வாரத்துக்குப் புழுக்கையில் விழும் முட்டைகள் அத்தனையும் அவற்றின் வாரிசுகளே. ஊரில் பாதி ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால், அவற்றிலிருந்து மருந்தே பார்த்திராத புழுக்களின் முட்டைகளும் சேர்ந்து விழும். இரண்டும் கலக்கும், தாங்கும் கூறு நீர்த்துப்போகும். ஒட்டுண்ணியியல் தெரியாதவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும்: கொஞ்சம் புழுவை உயிரோடு விட்டுவைத்தால்தான் மருந்து நாளைக்கும் வேலை செய்யும்!

இன்னொரு வழக்கமும் இங்கே இடிக்கிறது. மழைக்கு முன்னால், வெயில் காயும் ஆவணி, புரட்டாசியில் எல்லா ஆட்டுக்கும் ஒரு தரம் ஊற்றுவதைப் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் நம் காய்ந்த தரிசுகளில் புழுக்குஞ்சு அநேகமாக இருப்பதில்லை, வெயிலில் கருகிவிடும். ஊரிலுள்ள புழுவெல்லாம் ஆட்டின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. அப்போது எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், மழை வந்ததும் நிலத்தை நிரப்பப்போவது மருந்தைத் தாங்கிய புழுவின் பரம்பரை மட்டும். மழைக்கு முந்தைய மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறேன்.

யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? ஒரு மந்தையில் புழுச்சுமை சமமாகப் பரவியிருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளின் வயிற்றில்தான் மொத்தப் புழுவில் பெரும்பகுதி குடியிருக்கும். அந்த ஆடுகளைக் கண்டுபிடிக்க தென்னாப்பிரிக்காவின் கால்நடை மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஃபாஃபா மாலன் என்பவர், ஆட்டின் இமை நிறத்துக்கும் ரத்தச்சோகைக்கும் உள்ள தொடர்பைப் பிடித்தார். அவர் பெயரிலேயே ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை உருவானது. ஐந்து கட்டங்கள். செக்கச்சிவந்த நிறம் ஒன்று, வெளுத்துப்போனது ஐந்து. வெயில் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, மேல் இமையை மூடியபடி விழியை லேசாக உள்ளே அழுத்தி, கீழ் இமையைக் கீழே இழுத்தால் உள்சதை ஒரு நொடி வெளியே வரும். அந்த நொடியில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேரம் கடத்தினால் காற்றுப்பட்டு சிவந்துவிடும், ஏமாந்துபோவோம். ஒன்றும் இரண்டும் என்றால் மருந்து வேண்டாம். நான்கும் ஐந்தும் என்றால் உடனே கொடுக்க வேண்டும். மூன்று நிலவரத்தைப் பொறுத்தது. குட்டிக்கும், சினை முற்றிய ஆட்டுக்கும், ஈன்ற ஆட்டுக்கும் மூன்றிலேயே கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். பழகிய கை ஒரு நிமிடத்தில் மூன்று நான்கு ஆடு பார்த்துவிடும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இமை பார்ப்பது ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டுமான சோதனை. குட்டிகளுக்கு வரும் ரத்தக்கழிச்சல், பெரும்பாலும் காக்சிடியா என்ற நுண்ணுயிரியின் வேலை. அதற்குப் பூச்சி மருந்து ஊற்றிப் பயனில்லை. கண்மாய்க் கரையிலும் அறுத்த வயலிலும் மேய்கிற ஆட்டுக்கு நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழுவும் இமையை வெளுக்கச் செய்யும், ஆனால் அதற்கு மருந்து வேறு. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றும் ஆட்டின் மூளையில் இருப்பது நாயின் நாடாப்புழு போட்ட நீர்க்கட்டி. அறுத்த ஆட்டின் தலையை நாய்க்கு வீசுவதை நிறுத்தும் வரை அந்த நோய் போகாது.

அடுத்தது புழுக்கைப் பரிசோதனை. உலகமெங்கும் இன்றும் நடக்கும் முறை 1939-இல் சிட்னியின் மக்மாஸ்டர் ஆய்வகத்தில் உருவானது. இரண்டு மூன்று கிராம் புழுக்கையை, இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பு போட்ட தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கோடு போட்ட ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் விட்டால், முட்டைகள் மிதந்து மேலே வரும். நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு கிராமுக்கு இத்தனை என்று சொல்லலாம். செலவு கல்லுப்பும் பத்து நிமிடமும். மருந்து கொடுத்த நாளில் ஒரு தரம், இரண்டு வாரம் கழித்து ஒரு தரம் எண்ணிப் பார்த்தால், முட்டை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், ஊற்றிய மருந்து இந்த ஊரில் செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே அதே பாட்டிலை ஆண்டுக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்!

மருந்து கொடுக்கும் முறையிலும் நாம் புழுவுக்கே உதவுகிறோம். எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து, பெரும்பாலும் குறைத்தே ஊற்றுகிறோம். அரைகுறை மருந்து அரைகுறைப் புழுவைக் கொல்லும். தாங்கும் புழுவுக்கு அது பயிற்சி. செம்மறிக்குச் சொன்ன அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுப்பது அடுத்த தவறு. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் சீக்கிரம் கழித்துத் தள்ளிவிடுவதால் சில மருந்துகளுக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூடத் தேவைப்படும். அதற்காகக் கண்டபடி கூட்டவும் கூடாது. லெவாமிசோல் கூடினால் நஞ்சு. க்ளோசான்டெல் கூடினால் கண் போகும். அல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். மருத்துவரைக் கேட்காமல் கூட்டவும் குறைக்கவும் இடமில்லாத சமாசாரம் இது. ஊற்றும் இடமும் முக்கியம். நாக்கின் நுனியில் ஊற்றினால், பால் குடிக்கும்போது மூடிக்கொள்ளும் உணவுக்குழாயின் மடிப்பு மூடி, மருந்து முதல் வயிற்றைத் தாண்டிப் போய்விடும். முதல் வயிற்றில் தங்கி, நாளெல்லாம் மெல்லக் கசிய வேண்டியது சட்டென்று கடந்து வீணாகும். நாக்கின் பின்பக்கத்தில் ஊற்ற வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினாலோ புரையேறும், நுரையீரலுக்குப் போகும். முகாம் நெரிசலில் இதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இலவச ஆடு திட்டங்களையும் இந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். பின்னர் ஆதரவற்ற பெண்களுக்கு ஐந்து ஆடு கொடுக்கும் திட்டம் வந்தது. ஏழை வீட்டுக்குக் கையில் பணமாக மாறக்கூடிய சொத்து என்ற வகையில் இரண்டும் நல்ல திட்டங்கள்தான். ஆனால் சந்தையில் வாங்கி ஊர் மாற்றும் ஒவ்வொரு ஆடும் தன் பழைய ஊரின் புழுவையும் வயிற்றில் கொண்டுவருகிறது. அந்தப் புழு எந்த மருந்துக்குப் பழகியது என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய ஆட்டை இரண்டு வாரம் தனியே கட்டி, மருந்து கொடுத்து, புழுக்கை பார்த்த பிறகு மந்தையோடு சேர்ப்பது பண்ணைகளின் விதி. பயனாளிக்கு ஆடு கொடுக்கும் திட்டத்தில் இந்த விதிக்கு ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.

இனி மேய்ச்சல். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தையோடு ஊர் ஊராகப் போய் வயலில் கிடை போடுவார்கள். சில இரவு ஒரு வயல், பிறகு அடுத்தது. எருவுக்காக விவசாயி கூப்பிடுகிறார், மேய்ச்சலுக்காகக் கீதாரி போகிறார். புழுவைப் பற்றி இருவருக்கும் நினைப்பில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: இன்று விழுந்த முட்டை பொரிந்து, தொற்றத் தயாராகிப் புல்லில் ஏறும்போது மந்தை அங்கே இருப்பதில்லை. திரும்பி வர மாதங்கள் ஆகும். அதற்குள் நம் வெயில் பாதி வேலையை முடித்துவிடும். டோங்கா தீவில் வெள்ளாடுகளை வைத்து ஆய்வு செய்தவர்கள் 1994-இல் வெளியிட்ட முடிவும் இதுதான். நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டு, முப்பத்தொன்றரை நாள் ஆறப்போட்டார்கள். மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது.

நாம் போகும் திசை இதற்கு நேர் எதிர். மேய்க்கால் புறம்போக்கு மனையாகிறது, குப்பைமேடாகிறது, சோலார் தகடு போடும் இடமாகிறது. கிடைக்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். மிஞ்சிய ஆடுகள் ஊர் ஓரத்துச் சிறு தரிசில், தினமும் அதே இடத்தில், அதே புழுக்கையின் மேல் மேய்கின்றன. முள்ளும் தழையும் எட்டிக் கடித்து வாழப் பிறந்த வெள்ளாட்டைத் தரையோடு தரையாகப் புல் மேய வைத்திருக்கிறோம். மரத்தில் தழை கடிக்கும் ஆட்டின் வாய்க்குப் புழுக்குஞ்சு எட்டுவதில்லை. அதனால் புழுவை எதிர்க்கும் சக்தியை வெள்ளாடு செம்மறி அளவுக்கு வளர்த்துக்கொள்ளவே இல்லை. மேய்க்காலைப் பிடுங்கிக்கொண்டு பாட்டிலை நீட்டுவது கால்நடைக் கொள்கை ஆகாது. பரண்மேல் ஆடு வளர்ப்பது ஒரு மாற்று. புழுக்கை கீழே விழுந்துவிடும், தீவனத்தில் படாது. ஆனால் பரண் போட முதல் வேண்டும். நான்கு ஆடு வைத்திருக்கும் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகாது. அவரால் முடிவது, பனி உலர்ந்த பிறகு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டிப்போவது. தாழ்ந்த ஈரப் பள்ளத்தைத் தவிர்ப்பது. அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி என்று சத்துள்ள தழையைக் கொஞ்சமாவது கட்டுவது. வயிற்றுக்குப் புரதம் கிடைத்த ஆடு அதே புழுச்சுமையைத் தாங்கி நிற்கும்.

வேப்பிலையும் குப்பைமேனியும் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கருவேல நெத்து போன்ற துவர்ப்புத் தீவனம் புழுவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் என்பதற்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் இமை வெளுத்து, தாடை வீங்கிய ஆட்டுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பது அதைச் சாகவிடுவதற்குச் சமம். தடுப்பூசி வழியும் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2014-இல் ஹீமாங்கஸ் புழுவின் குடலிலிருந்து எடுத்த புரதத்தைக் கொண்டு செய்த ஊசி செம்மறிக்கு வந்தது. ஒரு பருவத்துக்குப் பல தரம் போட வேண்டும், இங்கே அது இல்லை. அதைவிட நமக்குப் பக்கத்தில் இருப்பது இனத்தேர்வு. சுந்தரவனத்துச் சதுப்பில் வாழும் காரோல் ஆடு புழுவுக்கு எளிதில் மசியாதது என்பது ஆய்வில் தெரிந்தது. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், கன்னி, கொடி என்று நம்மிடம் இனங்கள் இருக்கின்றன. பொலிகிடா தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் நிறத்தையும் பார்ப்பவர்கள், அதன் புழுக்கையில் முட்டை எத்தனை என்றும் பார்த்தால் பத்து ஆண்டில் மந்தையின் குணமே மாறும்.

ஆட்டுக்கு ஆடு இமை பார்க்க மருத்துவர்களுக்கு நேரமில்லை என்ற பதில் வரும். உண்மைதான், ஒரு மருத்துவரின் தலையில் பல ஊராட்சிகள். ஆனால் இமை பார்க்க மருத்துவர் தேவையில்லை. ஆடு வைத்திருப்பவரே பார்ப்பதற்காகத்தான் அந்த அட்டை செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். மருத்துவரின் நேரம் மிச்சப்பட வேண்டுமானால், ஆயிரம் ஆட்டுக்கு ஊற்றும் நாளை, இருபது பெண்களுக்கு இமை பார்க்கக் கற்றுக்கொடுக்கும் நாளாக மாற்றலாம். மொத்த மருந்தும் நிறுத்தப்பட்டால் ஏழைகளின் ஆடு சாகும் என்ற அச்சமும் நியாயமானது. நிறுத்தச் சொல்லவில்லை. வெளுத்த ஆட்டுக்கு இன்னும் சரியான அளவில், இன்னும் சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறேன்.

கால்நடைத் துறை இந்த ஆண்டே மூன்று காரியம் செய்யலாம். முகாம் அறிக்கைப் படிவத்தில், மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணிய புழுக்கை மாதிரிகளுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். தமிழில் அச்சிட்ட இமை அட்டையை ஆடு பெறும் ஒவ்வொரு பயனாளிக்கும் ஆட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆண்டுக்கொரு முறை வெளியிட வேண்டும். மருந்து கொள்முதல் அந்தப் பட்டியலைப் பார்த்து நடக்க வேண்டும்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு: அடுத்த முறை பூச்சி மருந்து ஊற்றுவதற்கு முன், தரையில் கிடப்பதை விடுத்து, ஆடு அப்போதுதான் போட்ட புழுக்கையாகப் பத்துப் பன்னிரண்டை ஒரு பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். பதினான்காம் நாள் அதே ஆட்டின் புழுக்கையை மறுபடி கொண்டுபோங்கள். அங்கே வசதி இல்லை என்றால் மாவட்டத்திலுள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவைக் கேளுங்கள். இந்தச் சோதனையைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.